போச்சம்பள்ளி மெடிக்கலும் மாத்திரைப் பை பார்த்த ஞாயிறும்

கிருஷ்ணகிரி மாவட்டம் போச்சம்பள்ளியில் சந்தைக்குப் போகும் வழியில் ஒரு சின்ன மெடிக்கல் இருக்கிறது. பெயரை எழுத வேண்டாம் என்று கடைக்காரத் தம்பி கேட்டுக்கொண்டார். "விளம்பரம் மாதிரி ஆயிடும்க்கா" என்றார். அதனால் பெயர் இல்லாமலே எழுதுகிறேன். பத்தடி அகலக் கடை, வாசலில் ஒரு வேப்பமரம். கல்லாவுக்கு மேலே கண்ணாடிச் சட்டத்தில் மருந்தாளுநர் பதிவுச் சான்றிதழ். அதில் இருக்கும் முகமும் கவுண்டரில் நிற்கும் முகமும் ஒன்றுதான். சான்றிதழ் ஒருவருடையது, மருந்து எடுத்துக் கொடுப்பது வேறொருவர் என்று இருக்கும் கடைகளையும் பார்த்திருக்கிறேன், அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன். டாக்டர் சீட்டு மருந்தை, பதிவு பெற்ற மருந்தாளுநர் இருந்துதான் கொடுக்க வேண்டும் என்பது சட்டம். இங்கே அவர் இல்லையென்றால் கடை மூடியிருக்கும். மதியம் ஒன்றரையிலிருந்து நாலு மணி வரை ஷட்டர் இறங்கிவிடுவது பலருக்கு எரிச்சல். எனக்கும் இருந்தது. காரணம் தெரிந்த பிறகு போய்விட்டது.

நான் தையல் தொழில் செய்கிறேன், அரசம்பட்டிப் பக்கம் வீடு. மகளிர் குழு ஒன்றில் பன்னிரண்டு பேர் இருக்கிறோம். இந்தக் கடையில் பதினோரு வருடமாக மருந்து வாங்குகிறேன். ஆனால் இப்போது உட்கார்ந்து எழுதக் காரணம் எங்கள் அத்தையின் கால்.

அத்தைக்கு எழுபத்தொரு வயது, பிரஷர் இருக்கிறது. 2024 ஆடியில் கால் வீங்க ஆரம்பித்தது. காலையில் பரவாயில்லை. பொழுது சாயும்போது கணுக்காலில் விரலை வைத்து அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கும். செருப்பு வார் ஏறவில்லை. பக்கத்து வீட்டில் கிட்னி என்றார்கள். உப்பைக் குறைத்தோம், முள்ளங்கிச் சாறு கொடுத்தோம். கிருஷ்ணகிரி போய் ரத்தம், யூரின், ஸ்கேன் எல்லாம் பார்த்தோம். 3,000 ரூபாய்க்கு மேல் செலவு. எல்லாம் சரியாக இருக்கிறது என்று வந்தது. கால் மட்டும் வீங்கிக்கொண்டே இருந்தது.

ஒரு நாள் அத்தையின் பிரஷர் மாத்திரை வாங்கப் பழைய அட்டையை நீட்டினேன். தம்பி மாத்திரையை எடுத்து வைத்துவிட்டு, "அத்தை எப்படி இருக்காங்க?" என்றார். காலைப் பற்றிச் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். "வேற எங்கயாவது மாத்திரை வருதாக்கா அவங்களுக்கு?" மக்களைத் தேடி மருத்துவத்தில் வீட்டுக்கே கொண்டுவந்து தருகிறார்களே என்றேன். "அந்த அட்டையையும் கொண்டு வாங்க, இன்னிக்கே."

சாயங்காலம் கொண்டுபோனேன். இரண்டு அட்டையையும் கண்ணாடி மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஒன்று தனியார் கிளினிக்கில் எழுதியது, கம்பெனிப் பெயர் பெரிதாக, உள்ளே இருக்கும் மருந்தின் பெயர் கீழே பொடி எழுத்தில். இன்னொன்று அரசாங்கம் கொடுத்தது, மருந்தின் பெயர் மட்டும். இரண்டிலும் ஒரே மருந்து: அம்லோடிபின், 5 மில்லிகிராம். அத்தை காலையில் ஒன்றும் ராத்திரி ஒன்றும் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்று வெள்ளை, ஒன்று லேசான மஞ்சள். வேறு வேறு மாத்திரை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்தோம்.

"இந்த மருந்து அளவு கூடினா சிலருக்குக் கால் வீங்கும்க்கா. ஆனா நிறுத்துங்கன்னு நான் சொல்லக் கூடாது. ரெண்டு அட்டையையும் எடுத்துக்கிட்டு டாக்டர்கிட்டயே போங்க" என்றார். போனோம். டாக்டர் ஒன்றை நிறுத்தினார். இரண்டு வாரத்தில் செருப்பு வார் ஏறியது.

மக்களைத் தேடி மருத்துவத்தில் குறை என்று நான் சொல்லவில்லை. 2021 ஆகஸ்ட் 5 அன்று நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டமே தொடங்கியது. பஸ் ஏற முடியாத எத்தனையோ பெரியவர்களுக்கு அது வாசலுக்கு வருகிற மருந்து. தனியாரிடமும் வாங்கி, அரசிலும் வாங்கி, இரண்டையும் ஒருவருக்கும் காட்டாமல் போட்டது நாங்கள்தான். அந்த இரண்டு அட்டையும் எங்கள் வீட்டு அலமாரியில் ஒரே டப்பாவுக்குள் இருந்தன.

இதைக் குழுக் கூட்டத்தில் சொன்னபோது, எல்லோர் வீட்டிலும் அப்படி ஒரு டப்பா இருப்பது தெரிந்தது. சிலர் வீட்டில் பிஸ்கட் டின், சிலர் வீட்டில் சாமி படத்துக்குப் பின்னால் ஒரு கவர். மறுநாள் தம்பியிடம் போய்க் கேட்டேன்: "ஒரு நாள் எல்லாரையும் வீட்டு மாத்திரைப் பையோட வரச் சொல்லலாமா தம்பி? நீங்க பார்த்துச் சொல்லுங்க." அவர் உடனே சரி என்று சொல்லவில்லை. ஒரு நோட்டை எடுத்து, "நான் ஒருத்தனாப் பார்க்க முடியாதுக்கா, டாக்டர் ஒருத்தர் வேணும்" என்று எழுத ஆரம்பித்தார். அந்த நோட்டு கடைசி வரை எங்களோடு இருந்தது.

தேதி பார்ப்பதிலேயே ஒரு வாரம் போனது. செப்டம்பர் 25 உலக மருந்தாளுநர் தினம், அதை ஒட்டி வைக்க வேண்டும் என்பது தம்பியின் ஆசை. அந்த வருடம் அது புதன்கிழமை. வார நாளில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் சிப்காட்டுக்குப் போகிறவர்களும் எப்படி வருவார்கள்? சனிக்கிழமை என்றால் புரட்டாசிச் சனி. பெரியவர்கள் விரதம் இருந்து பெருமாள் கோயிலுக்குப் போவார்கள். வயிற்றைக் காயப்போட்டிருக்கும் சுகர்காரர்களைக் கொண்டுவந்து பந்தலில் காக்க வைப்பது சரியில்லை. மிச்சம் ஞாயிறு. ஞாயிறு போச்சம்பள்ளியில் வாரச்சந்தை.

குழுவில் பாதிப் பேர் சந்தை நாள் வேண்டாம் என்றார்கள். இரைச்சல், வண்டி நிறுத்த இடமில்லை, ஆடு மாடு குறுக்கே வரும். நான் சந்தை நாள்தான் வேண்டும் என்று நின்றேன். பாரூர், சந்தூர், மத்தூர், நாகரசம்பட்டி என்று சுற்றுப்பட்டு ஊர்க்காரர்கள் அன்று எப்படியும் வருகிறார்கள். முகாமுக்கென்று தனியாக பஸ் ஏறச் சொன்னால் நன்றாக நடக்கிறவர் மட்டும்தான் வருவார். முட்டி வலிக்காரர் வர மாட்டார், அவரிடம்தான் மாத்திரை நிறைய இருக்கும். புரட்டாசியில் கறி எடுக்கிறவர்கள் குறைவு, ஆட்டுச் சந்தை மந்தமாக இருக்கும், நடமாட இடமும் கிடைக்கும் என்று கணக்குப் போட்டோம். செப்டம்பர் 29, ஞாயிறு, காலை ஏழு முதல் பன்னிரண்டு வரை என்று முடிவானது.

டாக்டர் விஷயத்தில் எங்களுக்கு அதிர்ஷ்டம். அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்ற ஒரு டாக்டரம்மா வருவதாகச் சொன்னார். ஒரு நிபந்தனை வைத்தார்: "புது மருந்து எதுவும் எழுத மாட்டேன். அவங்க கையில இருக்கறதைப் பார்க்கறேன். மாத்தணும்னு தோணினா அவங்க டாக்டருக்கு ஒரு சீட்டு எழுதித் தர்றேன்." இதைவிடச் சரியான நிபந்தனை இருக்க முடியாது என்று தம்பி சொன்னார். ஒரு மேசையில் உட்கார்ந்து ஐந்து நிமிடத்தில் வேறொரு டாக்டர் எழுதியதை மாற்றினால், நோயாளிக்கு இன்னொரு அட்டை கூடும், அவ்வளவுதான்.

நோட்டீஸ் இரண்டு தடவை எழுதினோம். முதலில் எழுதியதில் 'மாபெரும் இலவச மருத்துவ முகாம்' என்று தலைப்பு இருந்தது. அப்படிப் போட்டால் சத்து மாத்திரை, டானிக் வாங்கத்தான் வருவார்கள், வீட்டு மாத்திரையை யாரும் கொண்டுவர மாட்டார்கள் என்று நான் சொன்னேன். கடைசியில் இப்படி அச்சடித்தோம்: 'உங்கள் வீட்டில் இருக்கும் எல்லா மருந்தையும் ஒரு பையில் போட்டுக் கொண்டு வாருங்கள். காலி அட்டை, பாதி சிரப், கண் சொட்டு மருந்து, தைலம், லேகியம் எல்லாம். மருந்து விற்பனை இல்லை.' எங்கள் பக்கம் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள் நிறைய. அந்த வீடுகளுக்குக் குழுவில் தெலுங்கு பேசும் இரண்டு பேர் நேரில் போய்ச் சொன்னார்கள். ரேஷன் கடை வரிசையில் கொடுத்த நோட்டீஸ்தான் நன்றாக வேலை செய்தது. அங்கே நிற்கிறவர்களுக்குப் படிக்க நேரம் இருக்கிறது.

ஒரு கம்பெனி ரெப் வந்து, சுகர் பார்க்கும் ஸ்ட்ரிப் முழுவதையும் இலவசமாகத் தருகிறேன், பந்தலில் எங்கள் பேனர் கட்டினால் போதும் என்றார். எங்களுக்கு ஆசைதான், செலவு மிச்சம். தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. "பேனர்ல ஒரு மாத்திரை பேர் இருக்கும்க்கா. அடுத்த வாரம் பாட்டிங்க வந்து அந்த மாத்திரையைத்தான் கேப்பாங்க." பந்தல், நாற்காலி, மேசை 3,200 ரூபாய், ஸ்ட்ரிப்பும் ஊசியும் 2,600, நோட்டீஸ் 900, சுண்டலும் மோரும் 1,500. மொத்தம் 8,200. குழுவிலிருந்து 2,000 கொடுத்தோம், மிச்சம் அவர் கையிலிருந்து. டீ மட்டும் வேண்டவே வேண்டாம் என்று கறாராகச் சொல்லிவிட்டார். டீ, காபி குடித்த அரை மணிக்குள் பிரஷர் பார்த்தால் கூடுதலாகக் காட்டும்.

விரலில் குத்திய ஊசியை எங்கே போடுவது என்று நான் யோசித்ததே இல்லை. அவர் யோசித்திருந்தார். ஊசிக்கு, துளைக்க முடியாத வெள்ளை டப்பா. ரத்தம் பட்ட பஞ்சுக்கும் காலாவதியான மருந்துக்கும் மஞ்சள் பை. இரண்டையும் தெரிந்த ஒரு மருத்துவமனையின் கழிவோடு சேர்த்து அனுப்புவதற்கு முன்கூட்டியே பேசி வைத்துவிட்டார். சந்தைக் குப்பையில் ஒரு ஊசிகூட விழக் கூடாது, செருப்பில்லாமல் நடக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள் என்றார்.

அன்று காலை ஆறு மணிக்கே வேப்பமரத்தடியில் பந்தல் தயார். கோழிக் கூடைகளும் தானிய மூட்டைகளும் இறங்கிக்கொண்டிருந்தன. காவேரிப்பட்டணத்திலிருந்து தம்பியோடு படித்த இன்னொரு மருந்தாளுநர் வந்து கடையைப் பார்த்துக்கொண்டார், தம்பி பந்தலிலேயே இருந்தார்.

வந்தவர்களை முதலில் நாற்காலியில் ஐந்து நிமிடம் உட்கார வைத்தோம். இது அவர் சொன்ன ஒழுங்கு. முதுகு சாய்ந்து, பாதம் இரண்டும் தரையில், கால் மேல் கால் போடாமல், பேசாமல். என் வேலை செல்போனில் ஐந்து நிமிடம் அலாரம் வைப்பது. மூட்டை சுமந்து வந்த ஒருவருக்கு அவசரமாகப் பார்த்தபோது மேல் அளவு 168. ஐந்து நிமிடம் உட்கார்ந்து, கையை மேசை மேல் நெஞ்சு உயரத்துக்கு வைத்துப் பார்த்தபோது 142. அவர் முதல் எண்ணையே கேட்டுவிட்டு வீட்டுக்குப் போயிருந்தால் எத்தனை நாள் தூங்கியிருக்க மாட்டார்! 142-உம் சும்மா விடக்கூடிய அளவு இல்லை என்று, வேறு இரண்டு நாள் பார்க்கச் சொல்லி அனுப்பினார்கள்.

பை பார்த்த மேசையைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். முதல் பை வேலம்பட்டித் தாத்தா ஒருவருடையது. கல்யாண வீட்டில் கொடுத்த மஞ்சப்பை, மணமக்கள் பெயர் பாதி அழிந்து போயிருந்தது. மேசையில் கவிழ்த்தார். ஏழு அட்டை, எல்லாமே மூலையில் வெட்டியவை. வெட்டிய மூலையோடு காலாவதித் தேதியும் போய்விட்டது. செய்தித்தாளில் மடித்த நாலு வெள்ளை மாத்திரை, எதற்கென்று அவருக்கே தெரியவில்லை. கண் ஆபரேஷனுக்குக் கொடுத்த சொட்டு மருந்து, பொங்கலுக்குத் திறந்தது, கண் கரித்தால் இன்னும் ஒரு சொட்டு விட்டுக்கொள்கிறார். தம்பி புட்டியைக் கையில் எடுத்து, மூடியைத் திருகிக் காட்டி, "தாத்தா, இதைத் திறந்து ஒரு மாசத்துக்கு மேல வச்சிக்கக் கூடாது. உள்ள கிருமி சேரும். கண்ணுக்கு நல்லதுன்னு விடறீங்க, கண்ணுக்கே கெடுதல்" என்றார். தாத்தா மஞ்சள் பையில் தானே போட்டார். போடுவதற்கு முன் ஒருமுறை தயங்கினார், காசு போட்டு வாங்கியது.

பிறகு அவருக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார்கள். வெள்ளைக் காகிதம், மூன்று கட்டம்: மருந்தின் உள்பெயர், எதற்கு, எப்போது. எழுத்து தெரியாதவர்களுக்கு எங்கள் குழுப் பெண் ஒருத்தி படம் வரைந்தாள், காலைக்குச் சேவல், ராத்திரிக்கு நிலா, சாப்பிட்ட பிறகு என்றால் பக்கத்தில் ஒரு தட்டு. மதியத்துக்கு என்ன வரைவது என்று யோசித்து, கடைசியில் சோற்றுப் பானை வரைந்தாள். இப்போதும் கடையில் மருந்து கொடுக்கும் கவரில் அந்தச் சேவலும் நிலாவும் வருகின்றன, ரப்பர் ஸ்டாம்பாகச் செய்துவிட்டார்.

எண்பத்தாறு பை வந்தது. ஒரே மருந்து இரண்டு பெயரில் இருந்த பைகள்தான் என்னை உலுக்கின. சளி மாத்திரை, காய்ச்சல் மாத்திரை, தலைவலி மாத்திரை என்று மூன்று அட்டை வைத்திருந்த ஒரு பெண்ணிடம், மூன்றிலுமே பாராசிட்டமால் இருந்தது. உடம்பு சுடும்போது மூன்றையும் சேர்த்துப் போடுகிறாராம். பெரியவர்களுக்கே ஒரு நாளைக்கு 4 கிராமுக்கு மேல் போகக் கூடாது, போனால் ஈரலைப் பாதிக்கும், குடிப்பழக்கம் உள்ளவர்களுக்கு அதற்கும் குறைவு என்று டாக்டரம்மா அட்டையைத் திருப்பித் திருப்பிக் காட்டிச் சொன்னார்.

அப்புறம் செட் மாத்திரை. எங்கள் ஊர்ப்பக்கம் இதைத் தெரியாதவர் கிடையாது. உடம்பு வலி, ஒரு செட் குடுங்க என்றால், நாலைந்து மாத்திரையைப் பிரித்து ஒரு துண்டுக் காகிதத்தில் மடித்துத் தருகிற கடைகள் உண்டு. மாங்கூழ் தொழிற்சாலையில் நின்றபடி வேலை செய்யும் ஒரு அக்கா, வேலை இருக்கும் நாளெல்லாம் ஒரு செட் போடுகிறார். காகிதத்தைப் பிரித்தார். பெயர் இல்லை, தேதி இல்லை. இது மாதிரி செட்டில் வலி மாத்திரையோடு ஸ்டீராய்டும் கலந்திருப்பது உண்டு, அதனால்தான் போட்டவுடன் பறக்கிற மாதிரி இருக்கும் என்றார் டாக்டரம்மா. நாள்பட்டால் சுகர் ஏறும், வயிறு புண்ணாகும், வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கும். சரி, இன்றோடு நிறுத்திவிடுகிறேன் என்று அந்த அக்கா சொன்னபோது, டாக்டரம்மா அவசரமாகத் தடுத்தார். பல மாதம் ஸ்டீராய்டு போட்டவர் திடீரென்று நிறுத்தினால் அதுவே ஆபத்து, படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். எத்தனை மாதம் என்று கேட்டுக் குறித்து, அரசு மருத்துவமனைக்குச் சீட்டு எழுதி, யார் கூட வருவார் என்றும் கேட்டார். நாங்களே ஒருத்தியை அனுப்பினோம்.

இந்தக் கடையில் செட் கிடைக்காது. பதினோரு வருடத்தில் ஒருமுறைகூட நான் பார்த்ததில்லை. வேறு கடைக்குப் போய்க்கொள்கிறேன் என்று கோபித்துக்கொண்டு போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நாலு மாத்திரை மட்டும் கேட்டாலும் கவர் மேலே பெயர், பேட்ச் எண், தேதி எழுதித்தான் தருவார். அட்டையை வெட்டும்போது தேதி இருக்கும் பக்கம் யாருக்குப் போகிறது என்று பார்த்து வெட்டுவார். சில ஆன்டிபயாட்டிக் மருந்துகளுக்குச் சீட்டு கேட்டு, டாக்டர் பெயர், நோயாளி பெயர், எத்தனை மாத்திரை என்று தனிப் பதிவேட்டில் எழுதுவார். 2014-லிருந்து அது சட்டம், அந்தப் பதிவேட்டை மூன்று வருடம் வைத்திருக்க வேண்டும்.

இன்சுலின் போடும் ஒருவர் பிளாஸ்க்கில் ஐஸ் கட்டிக்கு நடுவே மருந்தைப் புதைத்துக் கொண்டுவந்தார், பத்திரமாக வைத்திருப்பதாக நினைத்து. அது உறைந்திருந்தது. உறைந்த இன்சுலின் உருகினாலும் வேலை செய்யாது, வீட்டு ஃபிரிட்ஜிலும் ஃபிரீசருக்குப் பக்கத்தில் வைக்கக் கூடாது. திறக்காத மருந்துக்கு 2 முதல் 8 டிகிரி. ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டுக்கு, ஈர மணலில் பதித்த மண்பானை. சந்தையில் எதிர்க் கடையிலேயே பானை இருந்தது, அவர் போகும்போது ஒன்று வாங்கிக்கொண்டு போனார்.

சந்தூர்ப் பக்கம் மாந்தோப்பு வைத்திருக்கும் ஒரு பெரியவர், "பழம் வர்ற சீசன்ல மட்டும் சுகர் மாத்திரை ரெண்டாப் போட்டுக்குவேன், சரியாப் போயிடும்" என்றார். சுற்றியிருந்தவர்கள் தலையாட்டினார்கள், அவர்கள் வீட்டிலும் அதுதான் நடக்கிறது போல. மாத்திரை கூடி, சாப்பாடு தள்ளிப்போனால் சுகர் சட்டென்று இறங்கும், தோப்பில் தனியாக இருக்கும்போது மயங்கி விழுந்தால் யார் பார்ப்பார்கள் என்று டாக்டரம்மா கேட்டார். பழமே கூடாது என்று அவர் சொல்லவில்லை. சாப்பாட்டைக் குறைத்துக்கொண்டு ஒன்றிரண்டு துண்டு, அதுவும் மாத்திரையைத் தொடாமல். கேழ்வரகுக் களியைப் பற்றியும் அதே பேச்சு வந்தது. களி என்றால் சுகரே ஏறாது என்று இரண்டு உருண்டை சாப்பிடுகிறவர்கள் நம் வீட்டிலேயே உண்டு. ஏறும், அளவு முக்கியம். பத்து பேர் ஒன்றாகக் கேட்டுக்கொண்டார்கள்.

குறைகளையும் எழுத வேண்டும், ஏனென்றால் அடுத்து யாராவது இப்படிச் செய்தால் அவர்களுக்கு உதவும்.

பெரிய குறை, மறைவு. எல்லோர் பையையும் நடுப் பந்தலில் கவிழ்த்தோம். உதவிக்கு வந்த பையன் ஆர்வத்தில் மைக்கில் ஆள் பெயரோடு மருந்தின் பெயரையும் படித்தான். நான்தான் ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கினேன். அதற்குச் சற்று முன்னால் ஒரு பெண் பையைக் கவிழ்க்காமல் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள். தம்பி கவனித்துவிட்டு, பையின் வாயை மட்டும் தன் பக்கம் திருப்பிப் பார்த்தார். அடியில் காசநோய் மாத்திரை இருந்தது. ஒன்றும் சொல்லாமல் மேலே இருந்த சிரப் புட்டியை எடுத்து உரக்க அதைப் பற்றிப் பேசினார். பிறகு கடைக்குள்ளே கூப்பிட்டு, மாத்திரையை நடுவில் விடாமல் போடுகிறாளா என்று கேட்டு அனுப்பினார். அவள் போன பிறகுதான் எங்களுக்கு உறைத்தது. என் கடையிலிருந்து இரண்டு புடவையைக் கொண்டுவந்து ஒரு மேசையைச் சுற்றிக் கட்டினோம். அதை ஆறு மணிக்கே கட்டியிருக்க வேண்டும்.

இரண்டாவது, கழிப்பறை. பெண்களுக்கு இடமே இல்லை. சுகர்காரர்கள் எத்தனை தடவை போக வேண்டியிருக்கும் என்பது தெரிந்தும் யாரும் அதை நோட்டில் எழுதவில்லை. பக்கத்து வீட்டுக்காரம்மா கதவைத் திறந்துவிட்டதால் மானம் பிழைத்தது. போக இடமில்லை என்று தெரிந்ததும் பெண்கள் மோரைக் கையில் வாங்காமலே உட்கார்ந்திருந்தார்கள்.

பதினோரு மணிக்குப் பந்தலின் கிழக்குப் பக்கம் முழுக்க வெயில். டோக்கன் கொடுக்காததால் வரிசையில் சண்டை. கண்ணாடி கொண்டுவரச் சொல்ல மறந்தோம், எழுதிக் கொடுத்ததைப் படிக்க முடியாமல் பலர் திண்டாடினார்கள். ஒன்பது பேர் திரும்பிப் போய்விட்டார்கள் என்று எண்ணி வைத்திருக்கிறேன். அவர்களில் இரண்டு பேரை எனக்குத் தெரியும், வீட்டுக்குப் போய்க் கூட்டிவந்தேன். மற்ற ஏழு பேர் யார் என்று தெரியவில்லை.

கடையைப் பற்றியும் சில விஷயம். தள்ளுபடி ஐந்து சதவீதம்தான், ஆன்லைனில் இருபது சதவீதம் வரை கிடைக்கிறது. விலை கட்டாது என்று சொன்னால், கிருஷ்ணகிரியில் மக்கள் மருந்தகம் இருக்கிறது, டாக்டரிடம் மருந்தின் உள்பெயரை எழுதி வாங்கிக்கொண்டு அங்கே போங்கள் என்று அவரே சொல்வார். சில இன்சுலின் வகைகள் கைவசம் இருக்காது, முதல் நாளே சொல்லி வைத்தால் வரவழைத்துத் தருவார். வீட்டுக்குக் கொண்டுவந்து தருவது கிடையாது. ஞாயிற்றுக்கிழமை காலை பத்து முதல் ஒன்று வரை நிற்கவே இடமிருக்காது. அந்த நேரத்தில் சந்தேகம் கேட்டால் பதில் சுருக்கமாகத்தான் வரும். விவரமாகப் பேச வேண்டுமென்றால் சாயங்காலம் நாலரைக்குப் போங்கள். பில் கேட்காமலே தருவார்.

முகாம் முடிந்து நாலு மாதம் ஆகிறது. கவுண்டரில் இப்போது பழைய அட்டையை நீட்டுகிறவர்கள் வேறு கடையில் வாங்கியதையும் சேர்த்து நீட்டுகிறார்கள். அரசு மருத்துவமனையில் கொடுத்ததைக் காட்டினாலும் முகம் சுளிக்காமல் பார்க்கிறார், அதில் அவருக்கு ஒரு ரூபாய் வரும்படி இல்லை. மாங்கூழ் தொழிற்சாலை அக்கா அரசு மருத்துவமனைக்குத் தொடர்ந்து போகிறார். போன வாரம் ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்தார், முகத்து உப்பல் வடிந்திருக்கிறது, பழைய அளவு சேரவில்லை, புதிதாக அளவெடுத்தேன்.

அடுத்தது பங்குனிக்குள் வைக்கலாம் என்று பேச்சு. இந்த முறை மூச்சு இழுப்புக்கு இன்ஹேலரில் மருந்து உறிஞ்சுகிறவர்களை வரச் சொல்ல வேண்டும், பாதிப் பேர் தவறாகத்தான் உறிஞ்சுகிறார்கள் என்கிறார் தம்பி. முந்தாநாள் கடைக்குப் போனபோது நோட்டைத் திருப்பிக் காட்டினார். முதல் வரியில் 'பெண்கள் கழிப்பறை, பக்கத்து வீட்டில் முன்கூட்டியே கேட்க வேண்டும்' என்று எழுதி அடியில் கோடு போட்டிருந்தார். இரண்டாவது வரியில் 'திரை, அக்காவிடம் நாலு புடவை'.